சீன லாட்ஜில் ஒரு துக்க வீடு

சீனாக்காரர்களுக்குத் துக்கம் விசாரிக்கக் கற்றுக்கொடுத்த ஒரே வில்லியனூர்க்காரர் எங்கள் சீரியல் செட்டுதான். அவருக்கு முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் வரப்போவதில்லை. வரவும் வேண்டாம்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது பாஸ்போர்ட்டில் மட்டும்தான் பிழைத்திருக்கிறது. வில்லியனூரிலிருந்து நெட்டப்பாக்கம் வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, மாதா தேர் எதுவானாலும் சீரியல் பல்பு தொங்கவிடுவது அவர்தான். அதனால் சீரியல் செட்டு. ஒருமுறை திருபுவனைப் பக்கம் ஒரு தலைவரின் கட்அவுட்டைச் சுற்றி ஓடவிட்ட விளக்கில் என்னவோ கோளாறாகி, கூட்டம் முடியும் வரை தலைவர் மகளிர் அணியைப் பார்த்து ஒற்றைக் கண் அடித்துக்கொண்டே இருந்தார். கட்சிக்காரர்கள் அடிக்க வந்தார்கள். "ஒரு கண்ணாவது எரியுதேன்னு சந்தோசப்படுங்கபா" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து டியூப் லைட் கட்டி நாற்காலி இறக்குகிறவரும் அவரே. அதனால் சாவு வீட்டுச் சட்டம் முழுக்க அவருக்கு அத்துப்படி. தலைமாட்டு விளக்கு அணையக் கூடாது. அடுப்பு பற்றவைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவருவதைத்தான் சாப்பிட வேண்டும். வீட்டு ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். வருகிறவர் ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் நீட்டுவார், உட்கார்ந்திருப்பவர் அதைத் தொட்டுவிட வேண்டும். இதில் யார் பிசகினாலும், துக்கத்தில் இருக்கிறவர்கள் என்றுகூடப் பார்க்காமல் சத்தம் போடுவார். "அழுவறவங்க உள்ள, கை குடுக்கறவங்க வெளிய! ரெண்டும் கலந்துகினு நிக்காதீங்க!"

அவருடைய ஒரே பையன் பிரவீன் சீனாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். நாலாவது வருஷம். யுனிவர்சிட்டிக்கு வெளியே பேட்டரி ஸ்கூட்டரில் போனவனை ஒரு லாரி தட்டிவிட்டது. கூடப் படிக்கிற பையன் போன் செய்தபோது சீரியல் செட்டு பாகூரில் ஒரு கல்யாண வீட்டு மாடியில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டு போனைச் சட்டைப்பையில் போட்டவர், மிச்ச விளக்கையும் கட்டி, எரியவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாராம். "கல்யாண வூடு சார். பாதில வுட்டுட்டு வந்தா அந்தப் பொண்ணுக்கு ஆவாது" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பையன் பட்டம் வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட், அவனைக் கொண்டுவர உதவியது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு வதந்தி உண்டு. அதை நம்பி என்னையும் கூட அனுப்பினார்கள். கிளம்பும்போது அவர் சம்சாரம் தனலட்சுமி அழவில்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னது.

"எம்புள்ள மொகத்த நான் பாக்கணும். சாம்பலாக்கி ஒரு டப்பால எத்துனு வந்தே, இந்த வாசப்படி ஏறாத."

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தலையாட்டலுக்காகத்தான்.

யுனிவர்சிட்டி கேட்டுக்கு நேர் எதிரே எங்களுக்கு ஒரு மலிவு லாட்ஜில் ரூம் போட்டிருந்தார்கள். திரையை விலக்கினால் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. கதவுப் பக்கம் ஒரு பொந்தில் கார்டைச் செருகினால்தான் கரண்ட் வரும். லாட்ஜில் கொடுத்த கார்டை நான் தேடிக்கொண்டிருக்க, இவர் தன்னுடைய ஆதார் அட்டையை எடுத்துச் செருகினார். பளிச்சென்று எல்லா விளக்கும் எரிந்தது. "நம்ம ஆதாருக்கு இங்க கரண்ட் வருது சார்!" என்று திரும்பினார். முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் எட்டிப்பார்த்தது. இதைப் பையனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. உடனே முகம் விழுந்துவிட்டது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிப் பிணவறையில் பிரவீனைக் காட்டினார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. தூங்குகிறவன் மாதிரி இருந்தான். அவர் அவன் தலைமுடியை ஒதுக்கிவிட்டார், அவ்வளவுதான். அழவில்லை.

திரும்பி வந்ததும் எனக்குத் தலை வெடித்தது. காபிக்குத் தண்ணீர் காயவைக்கலாம் என்று ரூமில் இருந்த கரண்ட் கெட்டிலைப் போடப் போனேன். பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"சாவு வூட்ல அடுப்பு பத்தவெக்கக் கூடாது சார்."

"யோவ், இது கெட்டில்யா. அதுவும் லாட்ஜு."

"சூடு ஆவுதுல்ல? அப்ப அடுப்புதான். அவன் அங்க ஐஸ்ல கெடக்கறான். நாம எங்க இருக்கமோ அதான் சாவு வூடு."

மறுநாள் காலை கண் விழித்துப் பார்த்தால் ஆளையும் காணோம், ரூமிலிருந்த இரண்டு நாற்காலிகளையும் காணோம். கீழே ஓடினேன். லாட்ஜ் வாசலில் நாற்காலிகளைப் போட்டு, தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாற்காலியைக் காட்டி, "குந்துங்க சார். யாரன்னா வந்தா ஆம்பள ஆளு ரெண்டு பேராவது இருக்கணும்" என்றார்.

யார் வருவார்கள்? பிரவீனோடு படித்த ஏழெட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் வந்து முறைப்படி கை நீட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் பெட்டியை உருட்டிக்கொண்டு லாட்ஜுக்கு வருகிற சீனாக்காரர்கள். வாசலில் ஒருவர் கையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? வரவேற்க வைத்திருக்கிற ஆள் என்று நினைத்துச் சிரித்தபடி கைகுலுக்கினார்கள். ஒரு பொம்பளை குழந்தையை அவர் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். ஒருவர் தன் பெட்டியையே அவரிடம் கொடுத்தார். சீரியல் செட்டு எல்லோருடைய கையையும் மரியாதையாகத் தொட்டு அனுப்பினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

லாட்ஜ் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. கைபேசியில் எதையோ பேசி எங்கள் பக்கம் நீட்டினார். அது ரேடியோ செய்தி மாதிரி தமிழ் பேசியது. "ஐயா, தாங்கள் வாயிலில் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?"

"எம்புள்ளைக்காக" என்றார் சீரியல் செட்டு.

"மகன் எப்போது வருவார்?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் மறுபடி போட்டுக்கொண்டார். செத்துப்போய்விட்டான் என்கிற வார்த்தையை அதுவரை அவர் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை. அவரை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

இதற்கிடையில் யுனிவர்சிட்டியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர், வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கவனிக்கிறவர், நல்ல இங்கிலீஷ். உடலை அனுப்புவதற்கு ஏகப்பட்ட அலுவலகத்தில் ஒப்புதல் வேண்டும், இங்கேயே எரித்து அஸ்தியை எடுத்துப் போவதுதான் எல்லோருக்கும் எளிது என்றார். நான் தமிழில் சொன்னேன். "முடியாதுன்னு சொல்லுங்க சார்" என்றார் இவர். அதிகாரி மறுபடியும் வந்தார், மறுபடியும் அதே பேச்சு, மறுபடியும் முடியாது. பிறகு அந்த அதிகாரி எங்கள் பக்கமே வருவதில்லை. கேட்டுக்குள் போகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்பார். தனலட்சுமி போனில் தினமும் கேட்டது, "எப்ப வரான்?" இவர், "வந்துனே இருக்கான்" என்பார்.

எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. அஸ்திக்கே ஒத்துக்கொள்ளலாம், தனலட்சுமிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் தன் நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது, டிவி மேஜைமேல் பையன் போட்டோவை வைத்து ஊரிலிருந்து கொண்டுவந்த ஊதுபத்திக் கட்டை மொத்தமாகக் கொளுத்திவிட்டார். ஜன்னல் இல்லாத ரூம். புகை மேலே போய் முட்டியதும் கட்டடம் முழுக்க அலாரம் ஊளையிட ஆரம்பித்தது. ஷவரை நிறுத்தாமல் ஓடிவந்தேன். லாட்ஜே தெருவில் நின்றது. துண்டோடு நின்றவர்களில் நானும் ஒருவன். சீரியல் செட்டு மட்டும் ரூமை விட்டு அசையவில்லை.

ரிசப்ஷனில் இருந்த பெண் தீயணைக்கிற சிவப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினாள். பிரவீன் வயசுதான் இருக்கும். பின்னாலேயே நானும் ஓடினேன். ரூம் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். போட்டோவையும் ஊதுபத்தியையும் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உருளையைக் கீழே வைத்துவிட்டு, போட்டோவுக்கு முன்னால் மூன்று முறை குனிந்து வணங்கினாள். எந்தக் கைபேசியும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஊதுபத்தியை அவளே அணைத்தாள். மன்னிப்புக் கேட்பது போல அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மேஜைமேல் ஒரு விளக்கை வைத்தாள். அவர்கள் வீட்டில் தாத்தா படத்துக்கு முன்னால் வைப்பது என்று பிறகு சொன்னாள், பிளாஸ்டிக்கில் செய்த சிவப்பு அகல் மாதிரி ஒன்று. பிளக்கைச் செருகினாள். உள்ளே ஒரு குட்டி பல்பு சுடர் மாதிரி நடுங்கி நடுங்கி எரிந்தது.

சீரியல் செட்டு அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம சீரியல் பல்பு சார் இது" என்றார். "இத கோத்துதான் சார் அவன படிக்க வெச்சேன். போயிட்டான் சார். எம்புள்ள செத்துட்டான் சார்."

அப்போதுதான் அழுதார். அந்தப் பெண் தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். என்ன சட்டப்படி அது என்று எனக்குத் தெரியாது. அழுகிறவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே என்று சொல்ல அன்று ஆளில்லை.

பிறகு அவள் தன் போனை நீட்டி என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நாற்காலி எதற்கு, கை நீட்டுவது எதற்கு, கெட்டில் ஏன் காய்கிறதில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். யார் யாரிடம் அவள் சொன்னாளோ, மறுநாள் காலை பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரர் இரண்டு கிண்ணம் கஞ்சியோடு வந்து நின்றார். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். அடுத்து ரூம் பெருக்குகிற அம்மாள். அடுத்து மேனேஜர், தலையைக் குனிந்தபடி. அப்புறம் முன்பின் தெரியாத காலேஜ் பிள்ளைகள், வரிசை வரிசையாக. ஒரு பிள்ளை பிசகிப்போய்க் கைகுலுக்கப் பார்க்க, பின்னால் நின்றவன் அதட்டித் திருத்தினான். வில்லியனூரில்கூட இவ்வளவு ஒழுங்காக வரிசை நின்றதில்லை.

கேட் எதிரே இவ்வளவு கூட்டம் நின்றால் அந்த அதிகாரி எப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்? தயங்கித் தயங்கி அவரும் வந்து வரிசையில் நின்றார். முறை வந்ததும் கையை நீட்டினார். சீரியல் செட்டு தொட்டுவிட்டு விடவில்லை. பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அவங்கம்மா மொகத்த பாக்கணும்னு சொல்லுது. வேற ஒண்ணும் வாணாம்பா. மொகம் மட்டும்."

நான் இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தேன். அதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை. புரிந்த மாதிரி தலையாட்டினார். நான் எழுந்துகொள்ள, என் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார். ஒரு அலுவலகம், இன்னொரு அலுவலகம், ஆஸ்பத்திரி, விமானக் கம்பெனி என்று மத்தியானம் வரை பேசினார். இதற்குள் வந்தவர்கள் அவரையும் சொந்தக்காரர் என்று நினைத்து அவரிடமும் கை நீட்டினார்கள். பாவம், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு கையாகத் தொட்டுத் தொட்டு அனுப்பினார். அடுத்தடுத்த நாட்களும் வந்து உட்கார்ந்தார். ஒப்புதல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது.

கிளம்புகிற அன்று அந்தப் பெண் வாசல் வரை வந்தாள். சீரியல் செட்டு டாக்சியில் ஏறப் போனவர், திரும்பி அவள் தலையில் கை வைத்து, "வரேம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லமாட்டார்கள். சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். வேறு யாராவது சொல்லியிருந்தால் இவரே அறைந்திருப்பார். ஆனால் அதைக் கேட்கிற நேரமா அது? பிரவீன் முன்னால் ஒரு வண்டியில் போய்க்கொண்டிருந்தான்.

வில்லியனூரில் தனலட்சுமி தன் பிள்ளை முகத்தைப் பார்த்தது. இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

கருமாதி எல்லாம் முடிந்து, அவர் மறுபடி ஏணி தூக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் டீக்கடையில் கேட்டுவிட்டேன். "இன்னா சீரியலு, ஊருக்கே சட்டம் சொல்ற ஆளு. அந்தப் பொண்ணுகிட்ட வரேன்னு சொல்லிட்டியே?"

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அது எப்டி சார் சாவு வூடு மட்டும் ஆவும்? எம்புள்ள நாலு வருசம் குடித்தனம் பண்ண ஊரு. அங்க இனிமே வரமாட்டேன்னு எப்டி சார் சொல்லிட்டு வரது?"

தனலட்சுமிக்கும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அவன் நடந்த தெருவை ஒருதரம் காட்டிவிட்டு வர வேண்டும் என்றார். எப்போது போவார்களோ தெரியாது. போகிற அன்று என்னிடம் சொல்லாமல் கிளம்பிவிடக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஆள் வாசலில் நாற்காலி போட்டால், பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.