சிவப்பு டீசலும் மூன்றடுக்குக் கேக்கும்

"இதுக்கு மேல வண்டி தாங்காது, கிளிஃப். டீசலைப் போட்டுட்டு வா," என்றாள் டோரீன்.

அவள் மடியில் மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கின் உச்சி அடுக்கு வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருந்தது. மற்ற இரண்டும் வேனின் பின்பக்கம், போர்வைகளுக்கு நடுவே. அவளுடைய தங்கை மகள் டாம்சினுக்குப் பன்னிரண்டு மணிக்கு, பள்ளத்தாக்கின் மறுகோடியிலுள்ள தேவாலயத்தில் கல்யாணம். மூன்று நாள் தூங்காமல் செய்த கேக்.

அவள் கணவன் கிளிஃபர்ட் மெட்காஃப் பெட்ரோல் பங்கில் வேனை நிறுத்தி இறங்கினான். ஆனால் குழாயைத் தொடவில்லை. விலைப்பலகையை அண்ணாந்து பார்த்தவன், நேராகக் கல்லாவுக்குப் போனான்.

"பெரில், பெட்ரோலைவிட டீசல் பதினேழு பென்ஸ் கூடவா? கவர்மெண்டு எங்களை மட்டும் உரிக்குதா?"

"வரி ரெண்டுக்கும் ஒண்ணுதாம்ப்பா," என்றாள் கல்லாவில் இருந்த பெரில். "நம்ம ஆலைங்கள்ல பெட்ரோல் தேவைக்கு மேல வருது. டீசல் பத்தலை, வெளிநாட்டுலேர்ந்து வாங்கணும். உலகத்துல இருக்கிற லாரி பூரா அதைத்தான் குடிக்குது. அதான் விலை ஏறிப்போச்சு."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் எண்ணெய் விலையையும் அந்த வரியையும் கூட்டி, மொத்தத்துக்கும் இன்னொரு இருபது சதவீதம் வரி."

"வரிக்கே வரியா?"

பெரில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. கிளிஃபர்டின் காது நுனி சிவந்தது. விறுவிறுவென்று திரும்பி வந்து வண்டியைக் கிளப்பினான்.

"போட்டியா?"

"வரிக்கு வரி கட்டறதுக்கு நான் ஆளில்லை. அடுத்த பங்க்ல பார்த்துக்கலாம்."

"அடுத்த பங்க்லயும் இதே கவர்மெண்டுதானே?"

அவன் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தான். வண்டிதான் ஒத்துழைக்கவில்லை. நாலாவது மைலில், செம்மறிகள் மட்டும் வேடிக்கை பார்க்கும் ஒரு மேட்டில், இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. போனில் சிக்னல் கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கில் எப்போதுமே கிடையாது.

டோரீன் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான இருபது வருஷத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது இதோடு மூன்றாவது முறை. முதல் இரண்டின் நினைவே அவனைப் பக்கத்துப் பண்ணைக்கு ஓட வைத்தது.

பண்ணைக்காரன் சேத் ஆல்டர்சன் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "டிராக்டருக்கு வெச்சிருக்கிறதுதான் இருக்கு, மாப்ளே. சிவப்பு டீசல். வயல் வேலைக்குன்னு வரியைக் குறைச்சுக் குடுக்கறாங்க, ரோட்டு வண்டியில ஊத்தினா தெரியணும்னு சாயம் கலந்திருக்காங்க. மாட்டினா வரி ஆளுங்க வண்டியையே தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"வரி எவ்வளவு குறைச்சல்?"

"மத்த டீசல் வரியில அஞ்சுல ஒரு பங்கு கட்டினாப் போதும்."

கிளிஃபர்டின் முகம் விடிந்தது. "கேக் மாவு எங்கேர்ந்து வந்தது? கோதுமை வயல்லேர்ந்துதானே? அப்ப இதுவும் வயல் வேலைதான்."

"இதை என்கிட்ட சொல்லாதே, அவங்ககிட்ட சொல்லு," என்றான் சேத், சிரித்துக்கொண்டே.

சிவப்பு டீசல் உள்ளே போனது. வேன் புதுமாப்பிள்ளை மாதிரி கிளம்பியது. கிளிஃபர்ட் சீட்டியடித்தான். சீட்டி முக்கால் மைல்தான் நீடித்தது. எதிரே வந்த தபால்காரி மோய்ரா தன் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"குறுக்குச்சாலைப் பக்கம் போகாதீங்க! எரிபொருள் வரி ஆளுங்க நிக்கறாங்க. மஞ்சள் சட்டை, குறுக்கே நிறுத்தின வண்டி, போறவன் வர்றவனுக்கெல்லாம் கையைக் காட்டறாங்க. டேங்க்ல குழாயை விட்டு நிறம் பார்ப்பாங்களாம். நான் தூரத்திலேயே திரும்பிட்டேன்."

"நீ ஏன் திரும்பினே?" என்றாள் டோரீன்.

மோய்ரா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"மேட்டுப்பாதையில போயிடலாம்," என்றான் கிளிஃபர்ட். "ஓடையைத் தாண்டினா தேவாலயம்தான்."

"அது ஆடு போற பாதை."

"ஆடு போகுதில்ல?"

பாதை குலுக்கிய குலுக்கலில் டோரீனின் மூக்கு இரண்டு முறை கேக்குக்குள் போய் வந்தது. பின்னால் ஏதோ சரிந்தது. வண்டியை நிறுத்தி, சரிந்த நடு அடுக்குக்குக் கிளிஃபர்ட் தன் தொப்பியை முட்டுக் கொடுத்தான். திரும்பவும் ஏறி, வளைவு திரும்பியதும் பிரேக்கை மிதித்தான்.

முன்னால் பதினோரு வண்டிகள் வரிசையாக நின்றன. ஆயுசில் அந்தப் பாதை பார்த்திராத கூட்டம். ஓடையில் ஒரு கால்நடை வண்டி சக்கரம் புதைந்து கிடந்தது.

கிளிஃபர்ட் முன்னால் நின்ற காரின் கண்ணாடியைத் தட்டினான். "நீங்க எங்க இந்தப் பக்கம்?"

உள்ளே கழுத்துப்பட்டையோடு பாதிரியார் ஹாரப். டாம்சினுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டியவர். "இயற்கைக் காட்சி, கிளிஃபர்ட்," என்றார் அவர், ஓடையைப் பார்த்தபடி. "ரொம்ப நாளா பார்க்கணும்னு ஆசை."

அவருக்கு முன்னால் நின்றவனும் இயற்கைக் காட்சிதான் பார்க்க வந்திருந்தான். அவனுக்கு முன்னால் நின்றவனும்.

டோரீன் வேனிலிருந்து இறங்கினாள். மூக்கில் சர்க்கரைப் பூச்சு. "மணி பதினொண்ணேகால். பாதிரியார் இங்கே, கேக் இங்கே, மாப்பிள்ளைத் தோழன் அதோ அந்த நீல வண்டியில. பொண்ணு அங்கே தனியா நிக்கறா. கிளிஃப், வண்டியைத் திருப்பு. நேரா குறுக்குச்சாலைக்குப் போ. போய் உண்மையைச் சொல்லு."

"வண்டியைத் தூக்கிடுவாங்க, டோரீன்!"

"தூக்கட்டும். கேக்கை நான் தூக்கிக்கறேன்."

கிளிஃபர்ட் திருப்பினான். ஒவ்வொரு வண்டியாகப் பின்னாலேயே திரும்பியது. மாட்டுவதானால் முதலில் அவன் மாட்டட்டும் என்று எல்லோரும் நியாயமான இடைவெளி விட்டு வந்தார்கள்.

குறுக்குச்சாலையில் மஞ்சள் சட்டையில் ஓர் அம்மாவும் ஓர் இளைஞனும் நின்றார்கள். வேனைக் கண்டதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார்கள். கிளிஃபர்ட் இறங்கியவன், அவர்கள் வாயைத் திறக்குமுன்பே தொடங்கிவிட்டான்.

"மேடம், உள்ளே இருக்கிறது சிவப்புதான். நானேதான் ஊத்தினேன். வரிக்கு வரி போடறீங்களேன்னு ஒரு வீம்பு. டீசல் ஏன் விலை கூடன்னு பெரில் ஒழுங்கா விளக்கினா, நான்தான் கேக்கலை. அபராதம் போடுங்க, வண்டியை எடுத்துக்கங்க. எங்களை மட்டும் பன்னிரண்டு மணிக்குள்ள கல்யாணத்துல சேர்த்துடுங்க."

அந்த அம்மா இளைஞனைப் பார்த்தாள். பிறகு கேக்கை, டோரீனின் மூக்கை. நோட்டை எடுத்து வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டாள். "தானா வந்து சொன்னதால வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும். கல்யாணத்துக்குப் போங்க."

டோரீன் அவன் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். சர்க்கரை ஒட்டிக்கொண்டது. கிளிஃபர்டுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தான்: பாதிரியார் உட்படப் பதினோரு வண்டிகளும் சத்தமில்லாமல் பின்னோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன.

"காலையிலேர்ந்து எத்தனை பேரைப் பிடிச்சீங்க தம்பி?" என்று குஷியாகக் கேட்டான்.

"பிடிக்கறதா?" என்றான் அந்த இளைஞன், அழாத குறையாக. "எங்க வண்டியில டீசல் தீர்ந்துபோய் மூணு மணி நேரமா உதவிக்குக் கையைக் காட்டறோம் சார், ஒருத்தர்கூடக் கிட்ட வரமாட்டேங்கறாங்க!"