மணல்மீன் பயிற்சி பெற்ற குடிநீர் அலுவலகம்

எங்கள் ஊர்க் குடிநீர் அலுவலகம் சென்ற மாதம் முதல் ஒரு மீனைப் பின்பற்றி இயங்கி வருகிறது என்பதைப் பொதுமக்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

பெரிய மீன் ஒன்றும் இல்லை. விரல் நீளம்தான். மணல்மீன் என்று பெயர். பகலில் கூட்டமாகக் கிளம்பி, தண்ணீரில் மிதந்து வரும் பொடிப் பூச்சிகளைத் தின்னும். ஒன்று திரும்பினால் மொத்தமும் திரும்பும். ஆபத்து வந்தால் சட்டென்று மணலுக்குள் புதைந்துகொள்ளும். ராத்திரிக்கும் அங்கேதான். குளிர்காலம் வந்துவிட்டால் வெளியே வருவதே அபூர்வம். இதையெல்லாம் மேலிடத்திலிருந்து வந்த பயிற்சியாளர் திரை கட்டிப் படம் காட்டி, "இப்படி ஒற்றுமையாக இருங்கள்" என்றாராம். போன வருஷம் எறும்பு. அதற்கு முந்தி ஒட்டகச்சிவிங்கியோ என்னவோ.

இந்தச் சமயம் பார்த்து எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோனது. நான் கைக்குழந்தைக்காரி. அழுக்குத் துணி மூட்டையாகச் சேர்ந்துவிட்டது. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன், ஆனாலும் போனேன்.

நாற்காலியெல்லாம் காலி. மேசைகளுக்கு அடியில் செருப்புகள் தெரிந்தன. செருப்புகளுக்குள் கால்களும் இருந்தன.

"சார்," என்றேன்.

மேசைக்கு மேலே குமாஸ்தாவின் தலை மட்டும் வந்தது. "தனியாத்தான் வந்தியாம்மா?"

"குழந்தையும் இருக்கு சார்."

"கடிக்குமா?"

"இன்னும் பல்லு முளைக்கல சார்."

அதற்குப் பிறகுதான் முழுசாக வெளியே வந்தார். "தப்பா நினைச்சுக்காத. மனுவோட வர்றவங்கதான் ஆபத்துன்னு பயிற்சியில சொல்லியிருக்காங்க."

"வால்வைத் திறந்துவிட்டாப் போதும் சார். வால்வுக்காரரை அனுப்புங்க."

"ஒத்தை ஆளை அனுப்ப முடியாதும்மா. ஒத்தை மீனைப் பறவை கொத்திட்டுப் போயிடும்."

"எங்க தெருமுனையில என்ன சார் பறவை?"

"பறவை சொல்லிட்டா வரும்?"

ஆகவே மொத்த அலுவலகமும் கிளம்பியது. கணக்கர் முன்னால், காவலாளி கடைசியில். தெருமுனைக்கே வந்துவிட்டார்கள். வால்வுக்காரர் குனிந்து மூடியைத் தூக்கிவிட்டார். அந்த நேரம் கணக்கர் டீக்கடைப் பக்கம் திரும்பினார். மொத்தக் கூட்டமும் திரும்பியது.

வால்வுக்காரர் என்னைப் பார்த்தபடியே திரும்பினார். "கோவிச்சுக்காத தங்கச்சி, உடம்பு தானா திரும்புது."

மறுநாள் மறுபடி போனேன்.

"நேத்துதான் வந்தோமே," என்றார் குமாஸ்தா.

"திறக்கலியே சார்."

"திறக்கல. ஆனா ஒருத்தர்கூடக் கூட்டத்தைவிட்டு விலகல, பாத்தியா? இனி வர முடியாதும்மா. குளிர்காலம்."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னேன்.

"உள்ள ஏசி ஓடுதே, உனக்குக் குளிரல?" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டார்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. மாடிவீட்டு அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவங்க கூட்டமாத் திரிஞ்சா நாமளும் கூட்டமாப் போவோம். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

தெருவே காலிக் குடத்தோடு கிளம்பியது. போகிற வழியெல்லாம் என்ன ஆவேசம், என்ன பேச்சு. அலுவலக வாசலில் பெரிய அதிகாரியே நின்றிருந்தார். பக்கத்தில் பயிற்சியாளர். அதிகாரி மிரட்டவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"வாங்கம்மா. யாருக்குப் புகார்? ஒருத்தர் முன்னால வந்து சொல்லுங்க."

எல்லோரும் திரும்பினோம்.

முதலில் திரும்பியது யார் என்று தெரியவில்லை. அக்கா திரும்பினாள், அதனால் நான் திரும்பினேன். அக்காவைக் கேட்டால், நான் திரும்பியதால்தான் அவள் திரும்பினாளாம். தெரு சேருகிறவரை ஒரு குடம்கூட இன்னொரு குடத்தோடு இடிக்கவில்லை.

"மீன்கூட இவ்வளவு சுத்தமாத் திரும்பாது சார்," என்று பயிற்சியாளர் வாய் பிளந்து நின்றதாகவும், போனை எடுத்து எங்களைப் பின்னாலிருந்து படம் பிடித்ததாகவும் வால்வுக்காரர் பிறகு சொன்னார்.

குழாயில் இன்னும் காற்றுதான் வருகிறது. அடுத்த பயிற்சியில் மீன் கிடையாதாம். எங்கள் தெருவைத்தான் காட்டப் போகிறார்களாம்.