ஸ்பானிஷில் முதுகுவலி

பம்பு கம்பெனி ஸ்டோர் சூப்பர்வைசர் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு வெளிநாட்டுக் கிளைக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டார். இரண்டு வருஷ வேலை. குடும்பத்துக்கு டிக்கெட் கிடையாது. சுற்றறிக்கையில் அந்த ஒரு வரியைத்தான் மனுஷன் திரும்பத் திரும்ப ஆசையாகப் படித்தார். கல்யாணமான நாளிலிருந்து குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத பிரகஸ்பதி இவர். இவருக்குக் குடும்ப பாரம் தாங்கவில்லையாம், விடுதலை வேண்டுமாம்.

மாலை வகுப்பில் தேறியது இரண்டே பாடம். வழக்கமாகச் செய்வதைச் சொல்ல ‘சுவேலோ’. உடம்பில் வலிக்கிற இடத்தைச் சொல்ல ‘மே துவேலே’. மற்றதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. உள்ளே இடம் தாராளமாக இருந்தது, வழிதான் இல்லை.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் வந்து புலம்பினார்.

“நாளைக்கு மேனேஜர் முன்னாடி பரீட்சை. தினமும் நான் என்ன பண்றேன்னு ஸ்பானிஷ்ல சொல்லணும்.”

“என்ன பண்றீங்க?”

“அதான் யோசிக்கிறேன்.”

அவள் மெஷினை நிறுத்தினாள். “அஞ்சு மணிக்கு எழுந்துக்கிறேன், பாத்திரம் தேய்க்கிறேன், வீடு பெருக்குறேன்னு சொல்லுங்க. அசந்துடுவார்.”

“பொய்யாச்சே.”

“அட, ஸ்பானிஷ்லதானே சொல்றீங்க.”

“வலிப் பாடமும் கேட்பாங்க.”

“முதுகு, முட்டி, கழுத்து, எதையும் விடாதீங்க. சும்மா ஒப்பிக்காம முனகிச் சொல்லுங்க. அப்பதான் மார்க் விழும்.”

நம்மை அனுப்ப இவள் இப்படித் துடிக்கிறாளே என்று ஒரு நிமிஷம் மனசு சுருங்கியது. அடுத்த நிமிஷமே பெட்டி எங்கே இருக்கிறது என்று பரண் பக்கம் பார்த்தார்.

மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் முனகிய முனகலில் ஸ்பானிஷ் டீச்சரே நாற்காலியை இழுத்துப் போட்டார். பாத்திரம் தேய்ப்பதிலிருந்து முட்டி வலி வரை அவர் சொன்னதை எல்லாம் மேனேஜருக்கு மொழிபெயர்த்தும் சொன்னார்.

“இதெல்லாம் நிஜமாய்யா?” என்றார் மேனேஜர்.

பொய் என்றால் மார்க் போய்விடுமே. “சத்தியமா சார்.”

மேனேஜருக்குச் சந்தேகம். அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஆமாங்க சார்,” என்றது மனைவியின் குரல். “பாத்திரத்தை என்னைத் தொடவே விடமாட்டார். முட்டி வலியில சரியான தூக்கம்கூடக் கிடையாது. வாய்விட்டுச் சொல்லமாட்டார், பாவம்.”

பெண்டாட்டி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் பூரித்துப்போனார்.

மேனேஜர் மூக்கை உறிஞ்சினார். “பாஷைக்கு நூத்துக்கு நூறு. ஆனா இந்த உடம்போட உன்னைக் கடல் தாண்டி அனுப்பினா எனக்குத்தான் பாவம். வேற ஆளை அனுப்பிக்கிறேன்.”

“சார், வலியெல்லாம் சும்மா...”

“பார்த்தீங்களா டீச்சர், இப்பவும் மறைக்கிறான் மனுஷன்.”

தொங்கிய முகத்தோடு வீடு வந்தார். தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தது.

“மேனேஜர் உங்க பெருமையை வீட்டுல சொல்லிட்டார் போல, அவர் வீட்டம்மா போன் பண்ணாங்க,” என்றாள் மனைவி, ஊசியில் நூலைக் கோத்தபடி. “நீங்க வேலை செய்யறதை அவங்க வீட்டுக்காரருக்குக் காட்டணுமாம். நாளைக்குக் காலையில கூட்டிட்டு வர்றாங்களாம்.”

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“அஞ்சு மணிக்கு நான் எழுப்பிவிடணுமா, இல்ல வழக்கம்போல நீங்களே எழுந்துக்குவீங்களா?”