நெருப்பருகே நான், நிழலில் நோரீன்

இந்த ஈஸ்டருக்குள் நோரீனின் வாயாலேயே "அடுத்த வருஷமும் ஆற்றங்கரைதான்" என்று சொல்ல வைப்பதாகச் சபதம் போட்டிருந்தேன். லேசுப்பட்ட சபதமில்லை. பல் தேய்த்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துப் போட்டது.

விஷயம் இதுதான். ஈஸ்டர் விடுமுறை வந்தால் மர்ரே ஆற்றங்கரையில் கூடாரம் அடிப்பது எங்கள் வழக்கம். எங்கள் வழக்கம் என்றால் என் வழக்கம். எனக்கு அங்கே காட் மீன் இருக்கிறது. நோரீனுக்கு அங்கே கொசு இருக்கிறது. அவள் கேட்பது மோட்டல். குளியல்தொட்டி, வெள்ளை விரிப்பு, யாரோ போட்டுக் கொடுக்கிற காபி.

"ஒரு ஈஸ்டராவது ஈரமில்லாத தலையணையில படுத்திருக்கேனா டெஸ்? இந்தத் தடவை முடிவு தெரிஞ்சாகணும். ஆறா, மோட்டலா?"

நான் யோசித்தேன். ஆற்றங்கரையில் நான் தூண்டில் போடுகிறேன், அவள் சமைக்கிறாள். கடுப்பின் வேர் அடுப்பில்தான் இருக்கிறது! அங்கேயே வெட்டிவிட்டால் போச்சு.

"இந்தத் தடவை நீ அடுப்புப் பக்கமே வர வேண்டாம். எல்லாம் நான். ஜாஃபிள் போட்டே அசத்தறேன், பாரு."

"எதுல போடுவே? உங்கப்பாவோட அந்தப் பழைய இடுக்கியிலயா?"

"பழசா? அது வார்ப்பிரும்பு! ரெண்டு கிண்ணி, நீளமா கைப்பிடி. ரெண்டு துண்டு ரொட்டி, வெளிப்பக்கம் வெண்ணெய், நடுவுல நம்ம இஷ்டத்துக்கு எது வேணும்னாலும். மூடி, ஓரத்தைக் கிள்ளி எறிஞ்சு, தணல்ல வச்சா தங்கத் தட்டு மாதிரி வரும்."

"ஒரு நேரத்துல ஒண்ணுதானே வரும்? நான் கூடமாட உதவட்டுமா?"

"என் கையைத் தவிர வேற கை அதுல படக்கூடாது. அது கலை."

"சரி டெஸ்," என்றாள்.

உடனே சரி என்றாள். மனைவி உடனே சரி என்றால் கணவன் உடனே பயப்பட வேண்டும். நான் ஜெயித்த சந்தோஷத்தில் கேக் வாங்கிச் சாப்பிட்டேன்.

புனித வெள்ளி காலை. தணல் கனிந்திருந்தது. வெங்காயமும் சீஸும் வைத்து முதல் ஜாஃபிளைப் போட்டு நோரீனிடம் நீட்டினேன். கடித்தாள். கண்ணை மூடினாள். ஒரு கடியில் ஒரு வருஷத்து மீன் தொங்கிக்கொண்டிருந்தது.

"அட கடவுளே! டெஸ்! இத்தனை வருஷமா இந்தக் கையை எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?"

தலைகால் புரியவில்லை எனக்கு. ஜெயித்துவிட்டோம் என்று தூண்டிலை எடுக்கப் போனேன். அதற்குள் நோரீன் பக்கத்துக் கூடாரத்தைப் பார்த்துக் கத்தினாள். அங்கே வருஷா வருஷம் டெல்மாவும் அவள் புருஷன் வார்விக்கும்.

"டெல்மா! ஓடி வா! இதைத் தின்னு பாரு!"

டெல்மா வந்தாள். தின்றாள். அவளுக்குத் தொண்டை நோரீனைவிடப் பெரிசு. அடுத்த நிமிஷம் ஆற்று வளைவு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு ரொட்டிப் பொட்டலமும், ஐஸ்கிரீம் டப்பாவில் நேற்றைய மிச்சமுமாக வந்து நின்றார்கள்.

"எனக்கு டப்பா ஸ்பாகெட்டி வச்சு."

"எனக்கு ரெண்டு முட்டை. மஞ்சக்கரு ஒழுகக் கூடாது, ஆனா ஒழுகணும்."

"இன்னைக்குக் கறி ஆகாது. இந்தா, டப்பா மீன்."

கவனியுங்கள். பக்கத்தில் ஆறு. ஆறு நிறைய மீன். நான் டப்பா மீனை ரொட்டிக்குள் வைத்து வாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று வேகுவதற்குள் வரிசையில் இரண்டு பேர் கூடினார்கள். மதியம் இனிப்பாக ஆப்பிள் வைத்துப் போடச் சொன்னார்கள். ரொட்டிக்குப் பதில் மாவுத் தகட்டை அவர்களே கொண்டுவந்தார்கள், சர்க்கரைப் பாகு என் முழங்கையில் கொதித்தது. நோரீன் யூகலிப்டஸ் நிழலில் நாற்காலி போட்டு டெல்மாவோடு சீட்டாடினாள்.

வார்விக் நல்ல மனுஷன். "யோவ், வேர்த்துக் கொட்டுதே. கொஞ்ச நேரம் நான் பிடிக்கட்டுமா?" என்று கை நீட்டினான். நான் கும்பிடாத குறையாக இடுக்கியை நீட்டினேன்.

நோரீன் சீட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "தொடாதே வார்விக்! அவங்கப்பா இடுக்கி. இவன் கை மட்டும்தான் படணும். அது கலை!"

வார்விக் மரியாதையாகப் பின்வாங்கினான். அந்த மரியாதையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் மூளையைத் தீட்டினேன். கருக்கித் தொலைத்தால் கூட்டம் கலைந்துவிடாதா? ஒன்றை வேண்டுமென்றே நெருப்பில் மறந்தேன். கரிக்கட்டையாக எடுத்து டெல்மாவின் தட்டில் வைத்தேன்.

டெல்மா முகம் சுளித்தாள். நோரீன் எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, அதை உனக்கா குடுத்தான்? எனக்குனு கேட்டு வச்சிருந்தேன். புகை மணத்தோட அவன் ஸ்பெஷலா போடறது!"

அதற்கப்புறம் எல்லாருக்கும் கருகினது வேண்டுமாம். கருக்குவதற்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது.

ஞாயிறன்று சீஸ் தீர்ந்தது. அப்பாடா என்றேன். நோரீன் என் தூண்டில் பெட்டியைக் குடைந்து, காட் மீனுக்கு இரையாக நான் வாங்கி வைத்திருந்த சீஸைக் கண்டுபிடித்தாள். அதுதான் இதுவரைக்கும் தின்னதிலேயே பிரமாதம் என்றார்கள். சாயங்காலம் வார்விக் கை கொள்ளாத ஒரு காட் மீனோடு வந்தான். நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் பிடித்தானாம்.

"இதைச் சுத்தம் பண்ணி உள்ள வச்சு ரெண்டு போடேன்," என்றான்.

போட்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு போட்டேன். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நான் உடைந்துபோனேன். தூண்டில் இன்னும் நனையவில்லை. விரலெல்லாம் கொப்புளம். நேராகச் சீட்டாட்டத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"நோரீன், நீ ஜெயிச்சே. அடுத்த ஈஸ்டருக்கு மோட்டல். தொட்டி, விரிப்பு, காபி, எல்லாம். எனக்கும் அதுதான் வேணும், கெஞ்சிக் கேக்கறேன். ரொட்டி இருக்கற ஊர்ப்பக்கமே நான் வரல."

அவள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மோட்டல்ல ரூம் எப்பவோ போட்டாச்சு டெஸ். நாம வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே."

அப்படியென்றால் முதல் கடியிலிருந்தே நாடகமா? கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அந்த வெள்ளை விரிப்பை நினைத்தால் தோற்றதுகூடச் சுகமாகத்தான் இருந்தது.

"ஜன்னல் பக்கக் கட்டில் எனக்கு," என்றேன்.

"அது டெல்மாவுக்கு."

"டெல்மாவுக்கா? அப்ப நான்?"

டெல்மா ஒரு சீட்டை இறக்கினாள். நோரீன் அதை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "நீ எப்படி வருவே செல்லம்? வார்விக்கை உன்னை நம்பித்தானே இங்கே விட்டுட்டுப் போறோம், வேளாவேளைக்கு ஜாஃபிள் போட்டுடு."