முப்பதுக்கு அறுபது துண்டும் என் லாம்டாவும்

கம்ப்யூட்டர் தெரியும் என்று புகுந்த வீட்டில் பீற்றிக்கொள்ளும் மருமகளுக்கு வேறு எதிரி தேவையில்லை. அவள் எழுதிய ஃபார்முலாவே போதும். (பட்டவள் சொல்கிறேன்.)

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரி. வாழ்க்கைப்பட்டது குமாரபாளையத்தில், எட்டு விசைத்தறி ஓடும் வீட்டில். எட்டுக்கும் ராணி என் கணவரின் அக்கா மகேசுவரி. நங்கை என்று கூப்பிடுவேன். கொழுந்தனார் கல்யாணத்தில் மாமன் மச்சான்களுக்குப் போர்த்த இருநூறு துண்டு சொந்தத் தறியிலேயே நெய்வதாக முடிவானது. பாவுக்கு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, எத்தனை இழை என்று நங்கை மனக்கணக்குப் போடுவதற்குள் நான் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்.

"எக்செல்ல லாம்டான்னு ஒண்ணு இருக்குங்க நங்கை. ஒருதடவை எழுதிட்டா, எந்த அளவு குடுத்தாலும் அதுவே சொல்லிடும்."

நீளம், அகலம் என்று அந்த வரிசையில் இரண்டு பெயர் வைத்தேன். அங்குலத்துக்கு நாற்பது இழை என்பதால், அகலத்தை நாற்பதால் பெருக்கினால் மொத்த இழை. நீளம் எத்தனை அங்குலமோ அத்தனைக்கு ஒரு வெட்டு. நங்கை "முப்பதுக்கு அறுபது" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகை வைக்கக் கிளம்பினார். அப்படியே தட்டினேன். தறிக்காரர்கள் அகலத்தைத்தான் முதலில் சொல்வார்கள் என்று எனக்கு யார் சொன்னது?

2400 இழை என்று வந்தது. தறி ஓட்டும் முருகேசண்ணன் தலையைச் சொறிந்தார். "அகலத் தறியில ஏத்தோணுமாட்ட இருக்குதுங்க?"

"கம்ப்யூட்டரே சொல்லுதுங்கண்ணா, ஏத்துங்க." (அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.)

நங்கை ஊர் ஊராகப் பத்திரிகை வைத்துவிட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது இருநூறும் தயார். நீளவாட்டில் ஓட வேண்டிய கரை இரண்டு முனையிலும் நின்றது. நூல் பிரியும் வெட்டுவாய் நீளவாட்டில் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அரண்டுபோய் ஃபார்முலாவைத் திருத்தினேன். நீளம் என்றிருந்த இடமெல்லாம் அகலம், அகலம் என்றிருந்த இடமெல்லாம் நீளம். மறுபடியும் அதே 2400! எக்செல் என்னைப் பழிவாங்குகிறது என்றே நம்பினேன்.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த நங்கை கேட்டார்: "ஏஞ் சாமி, பேரைத்தானே மாத்துன? மொத நம்பர் மொத எடத்துல உக்காருது, ரெண்டாவது ரெண்டாவதுல. நீ இன்னும் ரெண்டாவது ஆளைத்தானே பெருக்கற? நீளம்னா என்னன்னு அதுக்கு என்ன தெரியும்? பெருக்கற எடத்துல மறுக்கா அகலம்னு போடு, வெட்டற எடத்துல நீளம்னு போடு."

போட்டேன். 1200.

எக்செல்லைத் தொட்டே பார்க்காதவர். மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்த எனக்கு ஏறாதது அவருக்கு ஒரே பார்வையில் ஏறியது. அழுகைக்கு நடுவிலும் அவரைக் கும்பிடத் தோன்றியது.

துண்டையும் அவரே காப்பாற்றினார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பிடித்தார். அளவு சரியாகவே இருந்தது. "நீளவாட்டுல மடிச்சுத் தெச்சாப் போச்சு" என்றார். ஒரு வாரம் தைத்துத் தைத்து என் இடுப்பு ஒடிந்தது. மேடையில் மாமன்மார்கள் "புது டிசைனாட்ட இருக்குதே" என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்றும் விருந்தில் நான் பரிமாற வந்தால் போதும், என் கணவர் வாழையிலையைக் காட்டி, "நீளம் எது, அகலம் எதுன்னு கேட்டுட்டுப் போடு" என்பார். பந்தியே சிரிக்கும். நங்கை மட்டும், "அவ ஃபார்முலாவுல தப்பில்லடா, நாஞ் சொன்ன வரிசை அதுக்குத் தெரியல" என்று எனக்காக வாதாடுவார். வாதாடி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவரும் அவர்தான்.