வேலப்பனுக்கு இனிச் சாவே இல்லை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, 2003ஆம் ஆண்டு தண்டையார்பேட்டையில் தேசப்பனைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டையும் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் சொல்லித்தருகிறார்கள். மூன்றாவதைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்த வரலாறு.

தேசப்பன் துறைமுகத்துக்குள் ஒரு சரக்குக் கிடங்கில் பாதுகாப்புப் பிரிவு எழுத்தர். 'தலைக்கவசம் அணிக', 'தூக்கிய சுமைக்குக் கீழே நிற்காதே' முதலிய அமர இலக்கியங்கள் அவர் கைப்பட எழுதியவை. அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கினால், அதில் அவர் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார் என்று நினைப்பது நம் அறியாமை. பாட்டைக் கேட்பது பாமரர் வேலை. தேசப்பன் பாட்டைக் 'காத்தார்'.

ஆபீஸ் நண்பர்களிடம் வாங்கிய சி.டி., தெருமுனை பிரவுசிங் சென்டரில் இறக்கியது, எண்ணூர் மச்சினன் கொடுத்தது என்று ஆறே மாதத்தில் தொள்ளாயிரம் பாட்டு சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றையும் முதல் பத்து நொடி ஓட்டிப் பார்ப்பார். 'ஓடுகிறது' என்று உறுதியானதும் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

"ஏங்க, ஒரு பாட்டையாவது முழுசா பாட வுடுங்களேன்" என்று அவர் மனைவி சிவந்தி ஒருநாள் கேட்டாள்.

"இது தரக் கட்டுப்பாடு சிவந்தி. நடுவுல பேசக் கூடாது."

"தொள்ளாயிரம் பாட்டு கீதுன்றீங்க. நான் இன்னும் ரேடியோலதான் கேட்டுகினு கீறேன்."

பாட்டுகள் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் எங்கோ ஒரு மூலையில் கிடந்தன. அங்கே போய் எடுப்பது சுற்று வழி. அதனால் பிரவுசிங் சென்டர் நடத்தும் பகலவன் அவருக்கு ஒரு வித்தை காட்டிக்கொடுத்திருந்தான். பாட்டுக்கு ஒரு சின்னப் படம் என்று திரையின் முகப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். படத்தைத் தட்டினால் பாட்டு பாடும். பாதிப் பாடத்திலேயே "புரிந்தது, புரிந்தது" என்று எழுந்து வந்துவிட்ட தேசப்பன், தொள்ளாயிரத்துக்கும் படம் செய்து, 'பொக்கிஷம்' என்ற பெயரில் ஒரே இடத்தில் அடுக்கிவிட்டார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் வளைந்த அம்புக்குறி ஒன்று இருந்தது. அது முன்னேற்றத்தின் அடையாளம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

தனக்கு மட்டும் காத்துக்கொள்வது சுயநலமல்லவா? தெருவின் பழைய கேசட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி அழிவிலிருந்து மீட்கப் போவதாக அறிவித்தார். டேப் ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போதும் என்றான் பகலவன். தேசப்பன் அதைவிட நேரான வழியைக் கண்டார். டேப் ரெக்கார்டரைப் பாட வைத்து, அதன் எதிரே மைக்கை நிறுத்தினார். அந்த நேரத்தில் சிவந்தி மிக்ஸி போடக் கூடாது, தும்மக் கூடாது, ஃபேனும் ஓடக் கூடாது. துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கிடக்கும் டிரெய்லர் லாரிகளுக்கு மட்டும் இந்தச் சட்டத்தைச் சொல்லிவைக்க ஆளில்லை. ஆகவே பல பக்திப் பாடல்களில் ஹார்ன் சத்தம் கூடுதல் வாத்தியமாகச் சேர்ந்துகொண்டது.

இந்தக் கட்டத்தில்தான் பச்சையம்மா வந்தார். காசிமேட்டில் மீன் விற்பவர், எதிர்வீட்டுக்காரர். அவர் கணவர் வேலப்பன் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர், கானா பாடியவர். அக்கம்பக்கத்தில் எந்தச் சாவு என்றாலும் வேலப்பன் பாடாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவரே போய்ச் சேர்ந்தபோது, பாட ஆளில்லை. என்றோ ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பக்கத்தில் மட்டும் பதிந்து கொடுத்த கேசட்டைப் போட்டுத்தான் எடுத்தார்கள். தன் சாவுக்குத் தானே பாடிவிட்டுப் போனவர் என்று தெருவில் இன்னும் சொல்வார்கள். அந்தக் கேசட்டை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார் பச்சையம்மா.

"நைனா, அவுரு மூஞ்சிக்கு போட்டோ கீது. கொரலு இதுல மட்டும்தான் கீது. போன தபா போட்டப்போ நாடா நடுங்கிப் போச்சு. உன் மிஷின்ல வுட்டா நிக்குமா?"

"அக்கா, நாடா தேயும். டிஜிட்டல் தேயாது."

"இன்னாமோ சொல்ற. நிக்குமா, நிக்காதா?"

தேசப்பன் அன்றைக்கே ஏற்றி, அதற்கும் ஒரு படம் செய்து பொக்கிஷத்தில் சேர்த்தார். படத்தைத் தட்டினார். "ஏத்துன மூட்ட எறங்கியே தீரும், எனக்கும் ஒரு கப்பல் கெளம்பியே தீரும்" என்று வேலப்பன் கரகரத்த குரலில் பாடினார். பச்சையம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். தேசப்பனே நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அது உண்மை, அதில் கேலி இல்லை. ஆனாலும் பத்தாவது நொடியில் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டார்.

"வேலப்பனுக்கு இனிச் சாவே இல்லை அக்கா" என்றார். கேசட்டை 'ஏற்றி முடிந்தவை' என்று எழுதிய அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தார்.

அடுத்தது காப்பு நகல். எந்தப் பொருளுக்கும் மூன்று இடத்தில் காப்பு வேண்டும் என்பது கிடங்கின் விதி. பகலவன் தன்னுடைய பாட்டுகளை எழுதி எழுதி சி.டி.யை மலையாகக் குவித்திருந்தான். தேசப்பன் 'பொக்கிஷ'த்தை அப்படியே ஒரு ஃப்ளாப்பியில் போட்டார். தொள்ளாயிரமும், தெருவின் கேசட்டுகளும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. இடம்கூட மிச்சம்.

"ஒரே ஃப்ளாப்பிலயா? ஒரு பாட்டே அதுல பாதிதான் மாமு புடிக்கும்" என்றான் பகலவன்.

"அடுக்கத் தெரியணும் பகலவா. கிடங்குல இருபது வருஷம் சும்மாவா இருக்கேன்?"

"எங்க, என் கடை மிஷின்ல ஒருவாட்டி போட்டுக் காமி."

"காப்பை அடிக்கடி வெளியே எடுக்கக் கூடாது. அதான் காப்பு."

மூன்று ஃப்ளாப்பிகள் தயாராகின. ஒன்று அரிசிப் பானையில், ஒன்று சாமி அலமாரியில், ஒன்று ஆபீஸ் பீரோவில். தேசப்பன் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. தேசப்பன் வீட்டு முன்னறையிலும் வாசலிலுமாகத் தெருவே கூடியிருந்தது. நிகழ்ச்சி நிரலில் இரண்டே அம்சங்கள்: தேசப்பனின் உரை, அதைத் தொடர்ந்து 'பேரிடர் ஒத்திகை'. கிடங்கில் ஆண்டுதோறும் தீ ஒத்திகை நடக்கும். இல்லாத தீயை அணைத்துவிட்டு எல்லோரும் டீ குடிப்பார்கள். அந்தப் போலித்தனம் தேசப்பனுக்குப் பிடிக்காது. இது நிஜ ஒத்திகை. எல்லார் கண்ணெதிரிலும் கம்ப்யூட்டரில் உள்ள பாட்டுகளை அடியோடு அழித்துவிட்டு, ஃப்ளாப்பியிலிருந்து மீட்டுக் காட்டுவார்.

உரையை வருங்காலத்துக்காகப் பதிவுசெய்ய ஒரு கேசட் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. அவசரத்தில் 'ஏற்றி முடிந்தவை' பெட்டிக்குள் கையை விட்டு, கைக்கு வந்ததை எடுத்தார். மேலே யாரும் பதிந்துவிடாதபடி அதன் முதுகிலிருந்த பிளாஸ்டிக் தகட்டை எவரோ முன்ஜாக்கிரதையாக உடைத்துவைத்திருந்தார்கள். பாதுகாப்புப் பிரிவு இதற்கெல்லாம் அசருமா? ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டிப் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

"அன்பார்ந்த தெருவாசிகளே! ஒலி என்பது யாது?" என்று தொடங்கிய உரை, ஒலி யாது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொட்டுச் சென்றது. முன்வரிசைக் குழந்தைகள் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டன. "ஆகவே இறுதியாக" என்று அவர் மூன்றாவது முறை சொன்னபோது, சிவந்தி எழுந்து வந்து, பேசிக்கொண்டே டேப் ரெக்கார்டரை நிறுத்தினாள்.

"டீ ஆறிப்போவுதுங்க."

தேசப்பன் வருத்தத்தோடு முடித்துக்கொண்டார். உடனே போட்டுக் கேட்க வசதியாகக் கேசட்டை முதலுக்குச் சுற்றிவைத்தார். பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

'எல்லாம் அழிந்துவிடும். சம்மதமா?' என்று இங்கிலீஷில் கேட்டது கம்ப்யூட்டர். தேசப்பன் அதைத் தமிழில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

"வேணாம் நைனா" என்றார் பச்சையம்மா. "அவுரு உள்ள கீறாரு."

"அக்கா, நிஜமா கொளுத்தாம நிஜமா அணைக்க முடியாது" என்று சொல்லி, தேசப்பன் சம்மதம் தந்தார்.

அழிந்தது. கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் மிச்சமில்லாமல் காலி செய்தார். அரிசிப் பானையிலிருந்து வந்த ஃப்ளாப்பியின் மீது இருந்த அரிசியை ஊதிவிட்டு உள்ளே தள்ளினார். திரையில் தொள்ளாயிரத்துச் சொச்சம் படங்களும் வரிசையாக வந்து நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. தெரு கைதட்டியது. பின்னால் நின்றவர்கள் விசிலே அடித்தார்கள். தேசப்பன் எழுந்து கும்பிட்டுவிட்டு, 'வேலப்பன்' என்ற படத்தைத் தட்டினார்.

பாட்டு வரவில்லை. திரையில் ஒரு சின்ன டார்ச் லைட் தோன்றி இங்கும் அங்கும் அசைந்து தேடியது.

"பாருங்கள், எவ்வளவு பொறுப்பாகத் தேடுகிறது!" என்றார் தேசப்பன்.

அது பொறுப்பாகத்தான் தேடியது. வேறு படத்தைத் தட்டினார், அதற்கும் டார்ச் வந்தது. சாமி அலமாரி ஃப்ளாப்பியைப் போட்டார், அதுவும் டார்ச்தான். அவருடைய செந்தமிழ் கழன்று விழுந்தது. "இன்னாடா இது பகலவா, பேஜாரா கீது?"

பகலவன் குனிந்து பார்த்தான். ஒரு படத்தின் மூலையில் விரலை வைத்தான்.

"மாமு, இதெல்லாம் பாட்டு இல்ல. பாட்டு எங்க கீதுன்னு காட்ற அட்ரஸு. அம்புக்குறி போட்டு கீது பாரு. வூட்ட இடிச்சிட்டு, கதவு நம்பர மூணு எடத்துல பத்திரமா வெச்சிகினு கீற."

பச்சையம்மாவுக்கு ஃப்ளாப்பியும் தெரியாது, அம்புக்குறியும் தெரியாது. விஷயம் மட்டும் புரிந்துவிட்டது.

"சரி வுடு நைனா. இது போனா போவட்டும். என் கேசட்ட குடுத்துடு, நான் வூட்டுக்குப் போறேன்."

தேசப்பன் பெட்டிக்குள் தேடினார். எல்லாம் இருந்தன, அது மட்டும் இல்லை. இரண்டாம் தடவை தேடும்போது பாதியிலேயே கை நின்றுவிட்டது. மெல்லத் திரும்பி டேப் ரெக்கார்டரைப் பார்த்தார். மூடியைத் திறந்து கேசட்டை எடுத்தார். முதுகில் செல்லோடேப் பளபளத்தது. மேலே யாரும் பதியக் கூடாது என்று தகட்டை உடைத்தது வேலப்பனாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

"அக்கா..." என்றார். கேசட்டை நீட்டினார்.

பச்சையம்மா கேசட்டை வாங்கித் தானே உள்ளே போட்டு அழுத்தினார்.

"அன்பார்ந்த தெருவாசிகளே! ஒலி என்பது யாது?"

"கொஞ்சம் வேகமா ஓட்டிடலாம் அக்கா" என்று கெஞ்சினார் தேசப்பன்.

"ஓட்டாத. நடுவுல எங்கனா என் ஆளு மிச்சம் கீறாரான்னு பாக்கணும்."

ஆகவே தெரு அந்த உரையை இரண்டாவது முறை கேட்டது. இந்த முறை யாரும் தூங்கவில்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் வேலப்பன் இருக்கிறாரா என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேசப்பனும் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பதிவை முழுசாகக் காது கொடுத்துக் கேட்டார். 'காலம் அழித்தாலும் கணினி அழிக்காது' என்று அந்த ஆள் சொன்னபோது அவனை எழுந்து போய் அறைய வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு 'ஆகவே'க்கும் வேலப்பனின் ஒரு வரி போயிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, முடியாமல் விட்டுவிட்டார்.

"ஆகவே இறுதியாக..." மூன்றாவது முறை. "டீ ஆறிப்போவு..." என்று சிவந்தியின் குரல் பாதியில் அறுந்தது.

டக் என்று ஒரு சத்தம்.

"...எனக்கும் ஒரு கப்பல் கெளம்பியே தீரும்" என்றது கரகரத்த குரல். அந்த ஒரு வரிதான். தொடர்ந்து கல்யாண வீட்டுச் சிரிப்பு. பிறகு வேலப்பன் யாரிடமோ சொன்னார்: "போதும்ப்பா, மிஷின நிறுத்து. எவ்ளோ நேரந்தான் கேப்பாங்க, பாவம்."

யாருக்கோ சிரிப்பு வந்து, உடனே அடங்கியது. நாடா முடிந்து பொத்தான் தானாக மேலே எழும்பியது.

பகலவன் மெல்ல, "அக்கா, அந்தக் கடேசியையாவது ஒரு சி.டி.ல..." என்று ஆரம்பித்தான். பச்சையம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

அவர் கேசட்டை வெளியே எடுத்தார். முதுகிலிருந்த செல்லோடேப்பை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்தார். கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டார். செல்லோடேப்பைத் தேசப்பனின் உள்ளங்கையில் ஒட்டினார்.

"இத்த கேசட்டுல ஒட்டுனதுக்கு உன் வாய்ல ஒட்டியிருந்தீன்னா, என் ஆளு பொழச்சிருப்பாரு நைனா."