பதினேழாம் எச்சில்

மனிதகுலம் புற்றுநோயை வென்ற வரலாற்றை எழுதுபவர்கள், மூன்றாம் மாடி ஆய்வகத்தில் பிஸ்கட் தட்டு சுற்றிவந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியாக வேண்டும்.

வாயில் விழும் வெள்ளைத் திட்டு புற்றாக மாறும் முன்பே எச்சிலில் ஒரு புரதம் எகிறிவிடும், அதை அளந்தால் ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்பது இயக்குநரின் கண்டுபிடிப்பு. நிரூபிக்கத் திட்டு உள்ளவர்கள் நாற்பது பேரும் 'இயல்பானவர்கள்' நாற்பது பேரும் வேண்டும். நோயாளிகள் தாமாகவே வந்தார்கள். இயல்பானவர்களைத் தேடி அலைவானேன் என்று கட்டடத்துக்குள்ளேயே பிடித்தார்கள். சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் ஆரோக்கியம்தான். வாயைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எச்சில் வாங்கியது ஆய்வக உதவியாளர். லிஃப்ட்காரர் புகையிலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து குழாயில் துப்பினார்.

"பள்ளிக்கூடத்துல ஒண்ணுலயும் தேறல தங்கச்சி. இதுலயாவது பாஸாவேனா?"

"துப்புறதுல யாராவது ஃபெயிலாவாங்களா அண்ணே?" என்று அவள் சீட்டு ஒட்டினாள்: இயல்பு-17.

முடிவு வந்தது. முப்பத்தொன்பது புள்ளிகள் வரைபடத்தின் அடியில் அடக்கமாகப் படுத்திருந்தன. பதினேழு மட்டும் நோயாளிகளின் தலைக்கு மேல் போய் உட்கார்ந்திருந்தது. அவசரக் கூட்டம் கூடியது.

"இயல்பு-17 இயல்பா நடந்துக்கலையே," என்றார் இயக்குநர், பெற்ற பிள்ளை கெட்டுப்போனதுபோல.

"சார், கூப்பிட்டு வாயைப் பார்த்துடலாம். அது நம்ம லிஃப்ட்..." என்று ஆரம்பித்தாள் எச்சில் வாங்கியவள்.

இயக்குநர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "பேரைச் சொல்லாதீங்கம்மா. ரகசியக் காப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"அப்ப அவருக்கு யாரு சொல்றது?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு மேடம்?" என்றார் புள்ளிவிவரக்காரர். "வழிதவறின புள்ளின்னு எடுத்துடலாம். எடுத்துட்டா இல்ல."

விசைப்பலகையில் ஒரே தட்டு. கத்தி இல்லை, கதிர்வீச்சு இல்லை, முடிகூடக் கொட்டவில்லை. உலகின் முதல் வலியற்ற சிகிச்சை அன்று பிஸ்கட் தீர்வதற்குள் முடிந்தது.

"உங்க ஒப்பந்தம் மார்ச்சோட முடியுதுல்ல?" என்று இயக்குநர் அவளிடம் அன்பாக விசாரித்தார்.

மறுநாளிலிருந்து அவள் மூன்று மாடியும் படியேறினாள். உடம்புக்கு நல்லது. ஒரு நாள் கீழே லிஃப்ட்காரர் மறித்தார்.

"என் வண்டி மேல என்ன கோபம்? சரி, என் ரிசல்ட் என்னாச்சு தங்கச்சி? கன்னத்துல ஏதோ உறுத்திக்கிட்டே இருக்கு."

"இயல்புதான் அண்ணே."

சீட்டில் அவளே எழுதியது. பொய்யென்று யாரும் சொல்ல முடியாது.

கட்டுரை வெளிவந்தது. 'காலத்தோடு கண்டறிதல்' விருதும் வந்தது. அந்த வாரம்தான் லிஃப்ட்காரருக்குக் கன்னத்தோடு பாதி நாக்கையும் எடுத்தார்கள். எந்த மாடி என்று கேட்க முடியாத ஆளை லிஃப்டில் வைத்துக்கொள்ள இயலாதென்று நிர்வாகம் எழுத்துமூலம் வருந்தியது. கட்டுரையில் பிழையேதும் இல்லை. இயல்பானவர்கள் முப்பத்தொன்பது பேரில் இன்றுவரை ஒருவருக்கும் நோய் வரவில்லை.

லிஃப்டில் இப்போது புது ஆள். அவருக்கு அவளைத் தெரியாது, எதுவும் கேட்கவும் மாட்டார். ஆனாலும் அவள் படியில்தான் ஏறுகிறாள்.

ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள்.